ஓமந்தையில் 'பாஸ்'

நமது போர்க்காலச் சிறுகதைகள் தமிழ்நாட்டில் மறுபதிப்பாகும்போது பின்னால் ஓர் அருஞ்சொற்பட்டியல் சேர்ப்பதுண்டு. அதில் 'பாஸ்' என்பதற்கு 'அனுமதிச் சீட்டு' என்று எழுதிவிட்டு நகர்வது போதாது என்பது என் அபிப்பிராயம்.

இச்சொல் நம்மிடம் இரு வழியாக வந்தது. தச்சரையும் மேசனையும் 'பாஸ்' என்கிறோமே, அது எசமானைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். சீட்டைக் குறிப்பது ஆங்கிலம். ஒலி வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று. (இவ்விரு ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்திருந்த அறபுத்தமிழில் எழுதியிருந்தால் பிரிந்தே நின்றிருக்கும்.) பாரசீகத்தில் 'பாஸ்' காவல், காவலாளி 'பாஸ்பான்'. உர்தூவிலோ 'அருகில்'.

2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி, வடக்கே புளியங்குளத்தில் புலிகளுடையது. அனுமதி, காவல், எசமான் மூவரும் அந்த வீதியில் நின்றார்கள். உர்தூப் பொருள்தான் அங்கே பொருந்தவில்லை.

அதற்கு முந்திய ஆண்டுகளில் வன்னியைவிட்டு வெளியேற விரும்பிய தமிழருக்குப் புலிகளின் பாஸ் வேண்டும். பிணைக்கு ஆளும் வேண்டும். வவுனியா வந்தால் தங்குவதற்கு அரசின் பாஸ். அம்மக்களின் கதைகளில் இச்சொல் வரும்போது வாசகனுக்கு மூச்சு முட்டுகிறது. நியாயமான மூச்சுமுட்டல்.

நம்மவர் கதைகளுக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எவரிடமும் பாஸ் கேட்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஒருவருக்குப் போக அனுமதியில்லை, மற்றவருக்கு இருக்க அனுமதியில்லை. தடுத்ததும் துரத்தியதும் ஒரே கை. இப்படியிருக்க, 2002க்குப் பின் புத்தளத்திலிருந்து ஊர் பார்க்கப் போகும் முஸ்லிம் பாத்திரத்தின் வாயிலும் தமிழ் அகதியின் அதே பெருமூச்சை வைக்கிற நம் எழுத்தாளர்களை என்னால் ஏற்க முடியவில்லை. இரவல் பெருமூச்சு அது. பிறந்த ஊருக்குள் நுழைய அவன் காகிதம் நீட்டுகிறான். வெளியே வந்த நாளில் காகிதம் கேட்பாரில்லை. இந்த முரணைக் கதைக்குள் எழுதாதவரை 'பாஸ்' அங்கே வெறும் சீட்டுத்தான், எத்தனை அடிக்குறிப்பு போட்டாலும்.

ஓமந்தைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. தமிழ் அகதியின் கதையும் நம் கதையும் அந்தச் சொல்லில் சந்திக்கும் ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.