துபாய் வீடியோவில் வெட்டிவிட்ட பகுதி

2025 ஜனவரி 7, துபாய் ஆட்டோட்ரோமில் பயிற்சி ஓட்டத்தின்போது அஜித் குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. எங்க திருத்தணிப் பசங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அன்னைக்கு அதுதான். யூடியூப் சேனல்கள் போட்ட ஏழெட்டு வடிவங்களை உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. மோதல் கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும். சுழற்சியை ஸ்லோமோஷனில் இழுத்து, அதுக்கு மேல இடி மாதிரி பிஜிஎம். பிறகு அவர் இறங்கி நடப்பது. கீழே "முருகன் காப்பாத்திட்டான்" என்று நூறு பேர்.

முருகனோட எனக்கு வழக்கு கிடையாது. மலையடிவாரத்துல குடியிருந்துக்கிட்டு அதெல்லாம் ஆகாது. எடிட்டிங்கோடதான் வழக்கு.

கார் தட்டாமாலை சுத்துற இடம் பார்க்கத்தான் பயங்கரம். வண்டியின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது அங்கேதான். ஒரு விபத்தில் ஆளைக் கொல்வது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு குறைந்த நேரத்தில் பூஜ்யத்துக்கு வருகிறது என்பது. ஆக ஆபத்தான கணம் தடுப்பைத் தொட்ட அந்த முதல் நொடி. பிஜிஎம் உச்சத்துக்குப் போகும்போது ஆபத்து இறங்கிக்கிட்டிருக்கு.

அந்த முதல் நொடியில் வேலை செய்தவை எதுவும் படத்தில் தெரியாது. உள்ளே பற்றவைத்த இரும்புக் கூண்டு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டைகள், தோளில் அமர்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துவைக்கும் 'ஹான்ஸ்'. உடம்பைப் பட்டை நிறுத்திவிடும், தலை மட்டும் முன்னால் பறக்கும். அப்போது மண்டையோட்டின் அடிப்பகுதி உடையாமல் காப்பது இதுதான். ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் அவர் மச்சான், பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கியது. கழுத்தை உறுத்துது, இடைஞ்சல் என்று ஓட்டுநர்கள் ஒதுக்கினார்கள். 2001-ல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் நாஸ்கார் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-ல். 2020-ல் பஹ்ரைனில் ரொமைன் குரோஷானின் கார் இரண்டாகப் பிளந்து எரிந்தபோது, ஏறக்குறைய 28 வினாடி தீக்குள் இருந்து அவர் தானே வெளியே வந்தார். அங்கேயும் அதிசயம் என்றார்கள். தலைக்கு மேல் இருந்த 'ஹேலோ' வளையம் 2018-ல் தான் வந்தது; வந்தபோது அசிங்கமா இருக்குன்னு திட்டு வாங்கியது அது.

அதிசயக் கதையில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் வேறு. 2023 ஜனவரி 8, இருங்காட்டுக்கோட்டை. எங்க ஊரிலிருந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. தேசியப் பந்தயத்தில் 59 வயது கே.இ. குமாரின் கார் இன்னொரு காரோடு உரசி, தடம் விலகி, வேலியில் மோதித் தலைகீழாக விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில், பைக் பந்தயத்தில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். இவங்களுக்கு சாமி துணை இல்லையா? "காப்பாத்திட்டான்" என்று எழுதினவங்க இதுக்கு என்ன பதில் வச்சிருக்காங்க? கூண்டும் பட்டையும் இருந்தும் சில மோதல்கள் தப்பவிடாது, கோணம் அப்படி. அதைச் சொல்ல அந்த வீடியோக்களில் ஒரு நொடிகூட ஒதுக்கவில்லை.

சேனல்காரங்க தரப்பில் ஒரு நியாயம் உண்டு: கூண்டைப் பத்திப் பேசினா யாரு பார்ப்பா? ஆனா பார்க்கிறவங்கள்ல பாதிப் பேர் பதினெட்டு, இருபது வயசுப் பசங்க. அந்த ஸ்டேட்டஸை வச்சுக்கிட்டே சென்னை–திருப்பதி ரோட்டுல ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சு முறுக்குறாங்க. விழுந்தா எழுந்து நடக்கலாம்னு வீடியோ சொல்லிக்கொடுத்திருக்கு.

தேசிய சாம்பியன் அஸ்வின் சுந்தர் பந்தயத் தடங்களில் வருஷக்கணக்கில் ஓட்டியவர். 2017 மார்ச்சில் சென்னைச் சாலையில் அவர் கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. மனைவியும் அவரும் உள்ளேயே இறந்தார்கள். அது கடையில் விற்கிற சாதாரணக் கார்.