பட்டேறிய செப்புச் சித்திரங்கள்

ஐரோப்பியச் செதுக்கோவியத்தின் வரலாறு பெரும்பாலும் காகிதத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அதே செப்புத் தகட்டிலிருந்து பட்டில் எடுத்த படிகளை, வசதி படைத்தவர்களுக்கான ஆடம்பரம் என்று ஒதுக்குவதே வழக்கம். அது சரியான கணிப்பு அல்ல. பட்டுக்கு மாறியபோது படத்தின் வேலையே மாறியது. அது விரிக்கவும் மடிக்கவும் ஊசி கோக்கவும் உரிய பொருளாயிற்று.

இதற்குச் சிறந்த சான்று தேவாலயத்தில் இருக்கிறது. கிழக்கு மரபுவழித் திருச்சபையில் பலிபீடத்தின் மேல் விரிக்கும் அந்திமின்ஸ் என்ற துணி இல்லாமல் நற்கருணை வழிபாடு நடத்த முடியாது. கிறிஸ்துவின் உடலைக் கல்லறையில் வைக்கும் காட்சி நடுவிலும், நான்கு நற்செய்தியாளர்கள் மூலைகளிலுமாகச் செதுக்கிய தகட்டிலிருந்து லினன் துணியிலோ பட்டிலோ அதை அச்சடிப்பார்கள். புனிதர் ஒருவரின் எச்சத்தை அதில் தைத்து, ஆயர் கையொப்பமிட்டுத் தருவார். 1741இல் வியன்னாவில் ‘ஸ்தெமதொகிராஃபியா’ என்னும் நூலைச் செதுக்கி வெளியிட்ட ஹிரிஸ்தோஃபோர் ஜெஃபாரோவிச்சும் செர்பியத் திருச்சபைக்காக இத்தகைய தகடுகளைச் செய்தவர். எந்த ஆலயத்துக்கு, எந்த ஆண்டில், எந்த ஆயர் கொடுத்தார் என்று பல படிகளில் கையாலேயே எழுதியிருப்பார்கள். ஒரு படி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காகிதப் படங்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அரிது.

கத்தோலிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெறும் மாணவர், தம் வாதங்களை அச்சிட்ட அலங்காரத் தாளின் பட்டுப் படியைப் புரவலருக்குக் காணிக்கையாக்கியதும் உண்டு.

தொழில்நுட்பம் எளிதல்ல. ஈரப்படுத்திய காகிதம் மென்மையாகிக் கோடுகளின் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொள்ளும். பட்டுக்கு அந்தத் தடிமன் இல்லை. உருளையின் அழுத்தத்தில் நழுவும், இழுபடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மை இழைகளில் பரவினால் கோட்டைச் சுற்றி மஞ்சள் கறை படியும். ஆகவே வழவழப்பான சாட்டின் நெசவையே நாடினார்கள். நீண்ட கோடு பாவிலும் ஊடையிலும் இடறுகிறது, புள்ளி இடறுவதில்லை என்பது என் எண்ணம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் பரவிய புள்ளிச் செதுக்கு முறை சாட்டினில் இவ்வளவு இசைவாக அமைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

1764இல் லண்டன் வந்த இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ பார்தொலோசி அந்த முறையின் பெரும் கலைஞர். அஞ்செலிகா காஃப்மனின் ஓவியங்களை அவர் தகட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காலத்துப் பெண்கள் பட்டில் அச்சான படங்களை வாங்கி, முகத்தையும் கைகளையும் அச்சாகவே விட்டுவிட்டு, ஆடையையும் மரங்களையும் பட்டு நூலால் நிரப்பினார்கள். கெதேயின் நாவல் நாயகன் வெர்தரின் கல்லறையருகே ஷார்லட் அழும் காட்சி அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. செதுக்கியவரின் பெயர் நிலைத்தது. ஊசி பிடித்தவரின் பெயர் பெரும்பாலும் தொலைந்தது. படத்தை முடித்தவர் அவரே என்பதால் இந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

19ஆம் நூற்றாண்டில், அரச குடும்பத்தார் நாடகம் பார்க்க வரும்போது நிகழ்ச்சிநிரலைக் குஞ்சம் கட்டிய பட்டில் அச்சிட்டார்கள். இழையின் இயற்கைப் பசையை நீக்கும்போது பட்டு தன் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழக்கும். அதை ஈடுகட்ட அக்காலத்து வணிகர்கள் வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். அப்படி எடை கூட்டிய பட்டு வெளிச்சம் படப்படப் பிளந்து உதிர்கிறது.

இன்று இவை சிதறிக் கிடக்கின்றன: காகிதப் படி அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில், தையல் படம் துணிப் பிரிவில், அந்திமின்ஸ் தேவாலயக் கருவூலத்தில். ஒரே தகட்டின் படிகளை அருகருகே வைக்க வேண்டும். தகடு தேயும்போது நுண்ணிய புள்ளிகளே முதலில் மறையும் என்பதால், தகடு புதிதாக இருந்தபோது பட்டில் அடித்தார்களா, காகிதப் படிகள் விற்றுத் தீர்ந்த பிறகா என்பதை அந்த ஒப்பீட்டில் கண்டறிய முடியும்.