யஃகூப் நபியின் கண்களும் மயிலாப்பூரின் கலசமும்

பிள்ளையை இழந்த பெற்றோரிடம் பேசுவதற்கென்று எல்லாச் சமூகங்களிலும் ஒரு மொழி உண்டு. பெரும்பாலும் அது யோசித்துப் பேசும் மொழியன்று. துக்க வீட்டின் வாசற்படியை மிதித்தவுடன் தானாக வாயில் வந்துவிடுவது. அம்மொழிக்குப் பின்னால் கதைகளும் பாடல்களும் நூல்களும் நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை தாங்க வல்லது எவ்வளவு, தாங்க இயலாதது எது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கான தூண்டுதல் சென்னையில் நிகழ்ந்த ஒன்று. 2024 பிப்ரவரி 8ஆம் நாள் நகரின் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. கோபாலபுரம், ராஜா அண்ணாமலைபுரம், அண்ணாநகர், பாரிமுனை என்று வெவ்வேறு பகுதிகளில் செய்தி பரவியதும் பெற்றோர் பள்ளி வாயில்களில் திரண்டனர். காவல்துறையினர் மோப்ப நாய்களுடன் தேடினர், எதுவும் அகப்படவில்லை. புரளி என்று அறிவிக்கப்பட்டது. புரளியால் யாரும் இறக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், காலையில் அனுப்பிய பிள்ளை மாலையில் திரும்பும் என்ற உறுதி உண்மையில் எவரும் எழுதித் தராத ஒன்று என்பதை அன்று அவ்வாயில்களில் நின்றவர்கள் அறிந்துகொண்டனர். அந்த அறிவு புரளியோடு முடிந்துவிடுவதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மயிலாப்பூர்த் தெப்பக்குளம் தொலைவில்லை. பிள்ளையை இழந்த தந்தையைப் பற்றிய தமிழின் புகழ்பெற்ற கதைகளுள் ஒன்று அவ்வூருக்கு உரியது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை ஏழு வயதில் பாம்பு தீண்டி இறக்கிறாள். நஞ்சை இறக்குவோருக்குத் தம் செல்வமெல்லாம் தருவதாக அவர் பறையறைவிக்கிறார், பயனில்லை. உடலை எரித்தபின் எலும்பையும் சாம்பலையும் ஒரு கலசத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்துப் பேணுகிறார். பின்னொரு நாள் திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, பெண் உயிர்பெற்று எழுகிறாள். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் இன்றும் இந்நிகழ்ச்சி மயிலையில் நடித்துக் காட்டப்படுகிறது.

சமய நம்பிக்கையின் வழியாக இக்கதையைப் படிப்போர் அதன் முடிவைப் பார்ப்பர். பிள்ளைத் துயரத்தின் வழியாகப் படிப்பவருக்கு வேறு இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, பதிகத்தின் அமைப்பு. அதன் பாடல்கள் அவ்வூரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றன. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி விழா என்று ஆண்டு முழுவதும் வரிசையாக வருகிறது. இவற்றைக் காணாமலே போவாயோ என்பதே சிறுமியிடம் கேட்கப்படும் கேள்வி. பிள்ளையை இழந்த வீட்டில் துயரம் எவ்வாறு வருகிறது என்பதை அறிந்த அமைப்பு இது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக அது கனப்பதில்லை. நாட்காட்டியில் ஒளிந்திருந்து, பண்டிகையன்றும் பள்ளி திறக்கும் நாளன்றும் பிறந்தநாளன்றும் எழுகிறது.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. ஏழு வயதில் இறந்த பெண் கலசத்திலிருந்து எழும்போது பன்னிரண்டு வயதினளாக எழுகிறாள். சாம்பலாகக் கிடந்த காலமும் அவள் வயதில் கூடியிருக்கிறது. அற்புதத்தின் பகுதியாக இதைக் கடந்துவிடலாம். ஆனால் பிள்ளையை இழந்த எந்தத் தாயைக் கேட்டாலும், இன்று இருந்தால் இத்தனை வயது என்று உடனே சொல்வார். பெற்றோர் மனத்தில் இறந்த பிள்ளையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சேக்கிழாரின் கதை இதை அறிந்திருக்கிறது.

அதன் குறை முடிவில் உள்ளது. கலசம் திறந்து மகள் வருவதால் மட்டுமே சிவநேசரின் துயரம் தீர்கிறது. மகள் திரும்பாத தந்தையரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு அக்கதையில் விடையில்லை. அற்புதம் நிகழாத வீடுகளே உலகில் மிகுதி.

அந்த வீடுகளுக்காகவே எழுதப்பட்ட நூல்வகை ஒன்று அரபு மொழியில் உண்டு. கி.பி. 1348இல் எகிப்தையும் ஷாம் தேசத்தையும் தாக்கிய பெருங்கொள்ளைநோய் அதன்பின் தலைமுறைதோறும் திரும்பி வந்தது. குழந்தைகளை மிகுதியாகக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் பிள்ளையை இழந்தோருக்கான ஆறுதல் நூல்கள் பல இயற்றப்பட்டன. இப்னு அபீ ஹஜலா, கொள்ளைநோயிலேயே தாமும் உயிர்நீத்தவர், இத்தகைய நூலொன்றை எழுதினார். அல் மன்பிஜீயின் நூலும், ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீயின் நூலும், 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தியின் நூலும் இவ்வகையின. பண்டைக் காலத்தில் குழந்தை இறப்பு மிகுதியாக இருந்ததால் பெற்றோர் குழந்தைகளிடம் பெரிதும் பற்று வைக்கவில்லை என்ற கருத்து, பிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட நூலுக்குப்பின் மேலைநாட்டு வரலாற்றாசிரியரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அவ்னர் கிலாதி 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆறுதல் நூல்களைச் சான்றாகக் காட்டி அக்கருத்தை அசைத்தது. பற்றில்லாத இடத்தில் ஆறுதல் நூலுக்கு என்ன வேலை?

இந்நூல்களின் சிறப்பு, கண்ணீருக்கு அவை தரும் இடம். ஓலமிட்டு மார்பில் அறைந்துகொள்வதை விலக்கும் அதே நூல்கள், அழுகையை ஈமானின் குறையாகக் கருதுவதில்லை. அதற்கு அவை காட்டும் முதற்சான்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து வருவது. பச்சிளம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபியவர்களின் கண்கள் பெருகின. அதைக் கண்டு வியந்த தோழரிடம், இது இரக்கம் என்று அவர்கள் விளக்கினார்கள். அழாதே என்று பெற்றோரை அடக்கும் பெரியவர்கள் எந்த முன்மாதிரியைப் பின்பற்றுகிறார்கள் என்பது விளங்கவில்லை.

ஆயினும் இந்நூல்வகைக்கு ஓர் எல்லை உண்டு. அதை உணராமல் அதன் சொற்களைக் கையாள்வதே இன்று நம் மேடைகளில் நிகழும் பெரும்பிழை என்பது என் கருத்து. அவை கொள்ளைநோயின் நூல்கள். அங்கே குற்றவாளி இல்லை. யார் இதைச் செய்தார் என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லாததால், பொறுமையும் மறுமை நற்கூலியும் மட்டும் பேசினால் போதுமாயிருந்தது. மனிதரின் கையாலும் மனிதரின் அலட்சியத்தாலும் பிள்ளை இறந்த வீட்டில் அதே சொற்களை அப்படியே சொல்லும்போது அவற்றின் பொருள் மாறிவிடுகிறது. ஆறுதலாகப் பிறந்த சொல் அங்கே வாய்ப்பூட்டாகிறது.

கும்பகோணத்தை எண்ணிப் பார்ப்போம். 2004 ஜூலை 16 அன்று அந்நகரில் மூன்று பள்ளிகள் இயங்கிய ஒரே கட்டடத்தில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். விதி என்றனர் பலர். அந்த விதிக்குக் கீற்றுக்கூரை இருந்தது. பக்கத்தில் சமையலறை இருந்தது. குறுகலான படிக்கட்டு இருந்தது. இவற்றைப் பார்த்தும் பாராமல் அனுமதி அளித்த கையொப்பங்கள் இருந்தன. பெற்றோர் அழுதனர்; அழுகையோடு நீதிமன்றப் படியும் ஏறினர். பத்து ஆண்டுகளுக்குப்பின், 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தண்டனைகளைக் குறைத்தது. இதற்கிடையே, அத்தீவிபத்தையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வியுரிமையின் பகுதியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று சென்னையில் ஒரு பள்ளி தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமல் இயங்கக்கூடாது என்று ஒரு தாய் கேட்க முடிகிறதென்றால், அக்கேள்வியின் பின்னால் அந்த 94 குழந்தைகள் நிற்கின்றனர். அன்று எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு 2024இல் 28 வயது நிறைந்திருக்கும். இந்தக் கணக்கை அந்தப் பெற்றோர் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பெஷாவரின் துயரம் இன்னும் நெருக்கமாக நம்மை உறுத்துவது. 2014 டிசம்பர் 16 அன்று அங்குள்ள இராணுவப் பொதுப் பள்ளிக்குள் துப்பாக்கிகளுடன் புகுந்தவர்கள் 130க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொன்றனர். மறுநாள் இந்தியப் பள்ளிகள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. பொறுப்பேற்ற தஹ்ரீகே தாலிபான் அமைப்பு இஸ்லாத்தின் பெயரைத் தாங்கியே அதைச் செய்தது. அரசு இறந்த பிள்ளைகளை ஷஹீத்கள் என்று போற்றியது. பிள்ளைகளின் மேன்மையில் பெற்றோருக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டத்துடன் அவர்கள் வீடு திரும்பிவிடவில்லை. முன்னெச்சரிக்கை இருந்ததா, காவல் ஏன் தவறியது, பொறுப்பானவர் யார் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டனர். அவர்களது விடாமுயற்சியால் 2018இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் நீதி விசாரணைக்கு ஆணையிட்டது. பாதுகாப்பில் நேர்ந்த தவறுகளைச் சுட்டிய அறிக்கை 2020இல் வெளியாயிற்று. உயர்ந்த சொல்லொன்றைக் கொடுத்துக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை அப்பெற்றோர் ஏற்கவில்லை.

பொறுமை இழந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாமா? இவ்விடத்தில் கொள்ளைநோய்க் கால நூல்களை விட்டு, அவற்றுக்கெல்லாம் மூலமான ஒன்றிடம் திரும்ப வேண்டும். குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் வரும் யஃகூப் (அலை) அவர்களின் பிள்ளைத்துயரம் மனிதர் விளைத்த துயரம். மகன் யூஸுஃபைக் கிணற்றில் இட்டவர்கள் சட்டையில் பொய்க் குருதி பூசிக் கொண்டுவந்து ஓநாயின்மேல் பழி போடுகின்றனர். அழகிய பொறுமை என்ற சொல்லை யஃகூப் அவ்விடத்தில்தான் மொழிகிறார். அதே மூச்சில், இது நீங்கள் இட்டுக்கட்டிய கதை என்பதையும் அவர்களின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பொய்யை நம்புவது பொறுமையின் நிபந்தனையாக அங்கு வைக்கப்படவில்லை.

அதன்பின் அவர் அழுகிறார். அழுதழுது கண்கள் வெளுத்துப்போகின்றன. இன்னும் எத்தனை நாள் அவனையே நினைத்துக்கொண்டிருப்பீர் என்று வீட்டாரே சலித்துக்கொள்கின்றனர். துயரத்துக்குத் தவணை குறிக்கும் உறவினர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். யஃகூப் தம் முறையீடு இறைவனிடம் என்று விடையளிக்கிறார். அடுத்து மக்களை நோக்கி, நம்பிக்கை இழக்காமல் சென்று யூஸுஃபைப் பற்றித் துருவித் தேடுங்கள் என்று பணிக்கிறார். முறையீடு இறைவனிடம், தேடல் மண்ணில். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

அச்சத்தைப் பற்றியும் அந்த அத்தியாயம் பேசுகிறது. மற்ற மக்களை எகிப்துக்கு அனுப்பும் யஃகூப், ஒரே வாயில் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாயில்களால் நுழையுங்கள் என்கிறார். இறைவன் விதித்ததைத் தம்மால் தடுக்க இயலாது என்று கூறிக்கொண்டே, எச்சரிக்கையையும் சொல்லியனுப்புகிறார். ஒரு பிள்ளையை இழந்த தந்தை மற்றப் பிள்ளைகளை வாசல்வரை வந்து வழியனுப்பும் காட்சி இது. 2024 பிப்ரவரியில் பள்ளி வாயில்களில் நின்ற பெற்றோரின் அச்சத்தை ஈமானின் பலவீனம் என்றோ நகரத்தாரின் பதற்றம் என்றோ எளிதில் தள்ளிவிடுபவர் இக்காட்சியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். பள்ளியில் எத்தனை வாயில்கள், அவை திறந்திருக்கின்றனவா, ஆபத்து நேர்ந்தால் பிள்ளைகள் எவ்வழியே வெளியேறுவர் என்று கேட்பது தவக்குலுக்கு மாறானதன்று.

நபி (ஸல்) அவர்களின் மகன் மறைந்த நாளைப் பற்றிய செய்தியொன்று இவ்விவாதத்துக்கு இன்றியமையாதது. அன்று சூரியகிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தம் மகனுக்குக் கிடைத்த அந்தப் பெரும் புகழுரையை ஒரு தந்தை உண்மைக்காகத் திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி இது. இறந்த பிள்ளையின்மேல் வானத்து அடையாளத்தையோ நாட்டின் பெருமையையோ சார்த்துவோர் அனைவருக்கும் இதில் பாடம் உண்டு. துயரம் அழுகையைக் கேட்கிறது. உண்மை அல்லாத விளக்கத்தைக் கேட்பதில்லை.

ஆகவே, ஆறுதல் இலக்கியத்தை மதிப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அது பெற்றோரை அழவிடுகிறதா, கேட்கவிடுகிறதா என்பதே அது. மயிலையின் கதை அழவிடுகிறது, பிள்ளையின் வயதைக்கூட எண்ணி வைக்கிறது. ஆனால் அற்புதத்தில் போய் முடிகிறது. மம்லூக் காலத்து நூல்கள் அற்புதமில்லாத வீட்டுக்குள் துணிந்து நுழைகின்றன. ஆனால் குற்றவாளி உள்ள மரணம் அவற்றின் கருப்பொருளன்று. யஃகூபின் வரலாறு இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கிறது. வெளுத்த கண்களும், தேடிப் பாருங்கள் என்ற கட்டளையும் ஒரே மனிதருக்கு உரியவை. துக்க வீட்டுக்குச் செல்லும் நாம் அங்குச் சொல்ல வேண்டிய பொறுமை என்ற சொல்லை அந்த மனிதரிடமிருந்து கற்றுக்கொண்டு சொல்வோமாயின், அதைக் கேட்கும் தாய் அழுவதற்கும் தயங்கமாட்டாள். மறுநாள் காலையில் மனுவொன்றை எழுதி எடுத்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்தின் முன் நிற்பதற்கும் தயங்கமாட்டாள்.