விற்கிறவரும் பூட்டுகிறவரும்

சில வருடங்களுக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் லினக்ஸ் குறுந்தகட்டை விலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம். ‘ஓசியில கிடைக்கிறத விக்கிறீங்களே, நியாயமா?’ என்றேன். ‘நீங்களும் காப்பி போட்டு வித்துக்குங்க சார், யார் வேணாம்னா?’ என்றார். சட்டமும் அறமும் அவர் பக்கம் இருந்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறுகிறது. தமிழில் இரண்டு சொல் இருந்தும் நான் தடுமாறினேன். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985இல் தமது ஈமாக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். 1989இல் வந்த குனு பொது உரிமமும் விற்பனையைத் தடுக்கவில்லை. அது கேட்பதெல்லாம் இவைதாம்: வாங்கியவருக்கு மூலநிரல் கிடைக்கவேண்டும், அவர் திருத்தலாம், பிரதியெடுக்கலாம், மறுபடி விற்கலாம், இடையில் யாரும் புது நிபந்தனை போடக்கூடாது. மீறினால் பதிப்புரிமை மீறல். 2004இல் ம்யூனிக் நீதிமன்றம் ஒன்று இவ்வுரிமம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

1949இல் அரசுடைமையான பாரதி எழுத்துகளை இன்று யாரும் அச்சிட்டு விற்கலாம். அதைத் திருட்டு என்று நாம் சொல்வதில்லை. ஆனால் பதிப்பாளர் தாம் சேர்த்த குறிப்புகளுக்கு வேலி போட்டுக்கொள்ளலாம். குனு உரிமம் அந்த வேலியையும் மறுக்கிறது: சேர்த்ததையும் சேர்த்தே கொடு என்கிறது. உடைமையைக் காக்க வந்த பதிப்புரிமைச் சட்டத்தையே பொதுமைக்குக் காவல் வைக்கும் தந்திரம் இது.

இனி மறுபக்கம். 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. 2023 ஜூனில் ரெட் ஹேட், தன் நிறுவனப் பதிப்பின் மூலநிரலை முழுமையாகப் பெறுவதை வாடிக்கையாளர்களோடு நிறுத்திக்கொண்டது. பெற்றவர் மறுவிநியோகம் செய்தால் சந்தா ரத்தாகலாம் என்கிறது ஒப்பந்தம். உரிமத்தின் எழுத்தை இது மீறவில்லை என்று வாதிட இடமுண்டு: நிரலைப் பெற்றவருக்கு மூலநிரல் போகிறது, நின்றுபோவது நாளைய சேவை மட்டும்தானே? ‘பேசலாம், பேசினால் வேலை போகும்’ என்பது பேச்சுரிமை என்றால் இதுவும் உரிமைதான்.

அந்நிறுவனம் சொன்ன காரணம்தான் என்னைக் குத்தியது: மற்றவர்கள் எந்த மதிப்பும் சேர்க்காமல் அப்படியே மறுபடி கட்டி விற்கிறார்கள் என்பது. ரிச்சி தெருவில் நான் கேட்ட அதே கேள்வி! ரெட் ஹேட் பங்களிக்காத நிறுவனமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானோர் எழுதியதை விற்கிற ஒருவர், அடுத்தவர் விற்பதை மட்டும் ஒட்டுண்ணித்தனம் என்பது எப்படி? என் கோபம் எளியவர்களின் உழைப்புக்காக வந்ததாக நினைத்திருந்தேன். அது உடைமையாளரின் குரலாக இருந்திருக்கிறது.

இப்போது யார் என்ன விலை சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ‘இதை நான் இன்னொருத்தருக்குக் கொடுத்தா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ அந்தக் கடைக்காரர் நான் கேட்காமலே பதில் சொல்லியிருந்தார்.