கற்றலும் முகாமைத்துவமும்: மூடில் தளம் பற்றிய ஒரு நோக்கு

பாடசாலைகளுக்கான இணையவழிக் கற்றல் முகாமைத்துவத் தளங்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் வசதிகளோடு நின்றுவிடுகிறது. எத்தனை மாணவரைச் சேர்க்கலாம், எத்தனை பாடங்களை ஏற்றலாம் என்பனவே வினாக்கள். ஒரு நூலைப் பக்க எண்ணிக்கை கொண்டு மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும். இத்தளங்களும் ஆக்கங்களே. கற்றல் என்பது யாது என்பதுபற்றி அவற்றுக்கும் ஒரு கருத்து உண்டு.

மூடில் இதற்குத் தக்க சான்று. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேட்டின் பல்கலைக்கழகத்தில், வெப்சீற்றி என்னும் வணிகத் தளத்தைப் பராமரித்துவந்த மாட்டின் டூகியாமஸ், அதன் போதாமையை உணர்ந்து இதனை உருவாக்கினார். முதற்பதிப்பு 2002 இல் வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பெற்று மாற்றியமைக்கத்தக்க திறந்த மூல மென்பொருள் இது. அவர் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பாடசாலைக்கு எட்டாத் தொலைவில், சிற்றலை வானொலி வழியாகவும் வானூர்தி கொணர்ந்த பாடப்பொதிகள் வழியாகவும் கற்றவர். அவ்வானொலியில் ஆசிரியர் பேசினார். பிள்ளையும் மறுமொழி கூறியது. இச்செய்தி வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று.

பிறர் காண ஒன்றை ஆக்கும்போதே மனிதர் நன்கு கற்கின்றனர் என்னும் கொள்கையை அவர் மூடிலுக்கு அடிப்படையாக்கினார். மாணவரே பதிவுகள் எழுதிச் சேர்க்கும் சொற்களஞ்சியம், கூடி எழுதும் விக்கி, ஒருவர் ஆக்கத்தை மற்றவர் மதிப்பிடும் பட்டறை ஆகியன அக்கொள்கையின் வடிவங்கள். ஆயின் பாடசாலைகளில் பெருவழக்குப் பெற்றவை வேறு: குறிப்புகளை ஏற்றி வைத்தல், ஒப்படைகளைப் பெறுதல், பல்தேர்வு வினாக்கள். நாற்பது விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்குத் தானே புள்ளியிடும் வினாத்தாள் பேருதவி என்பதில் ஐயமில்லை. அதனைப் பழித்தல் முறையன்று. எனினும் பழியை முற்றாகப் பரீட்சை முறைமீது சுமத்தித் தளத்தை விடுவிக்கவும் இயலாது. யார் எப்போது நுழைந்தார், எப்பக்கத்தைத் திறந்தார் என்பதை மூடிலும் நுணுக்கமாகப் பதிகிறது. திறந்த பக்கம் விளங்கியதா என்பதை அது அறியாது. எண்ணத்தக்கது எளிதிற் கிடைக்கும்போது, நிருவாகம் அதனையே கற்றலெனக் கொள்கிறது. 2014 இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம், ஒப்படையை வழங்கித் திரும்பப் பெறும் வேலையையே மையமாக்கிப் பரவியமை, பாடசாலைகள் வேண்டிநின்றது எதனை என்பதைக் காட்டுகிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் விளைவு வெளிப்பட்டது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் முன்னரே இருந்தது. ஆனால் பல வீடுகளில் இருந்தது ஒரு கைத்தொலைபேசி மட்டுமே. சில வீடுகளில் அதுவுமில்லை. ஆசிரியர் பலர் குறிப்புகளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினர். 2021 இல் மலைக்கிராமப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றேறியமை செய்திகளில் வந்தது. அவ்வாறு ஏறியவர் பலருக்குக் கிட்டியது கரும்பலகைக் குறிப்பின் நிழற்படம். பாலைநிலத்துப் பிள்ளைக்குப் பழைய வானொலி அளித்த மறுமொழி உரிமை இவர்களுக்கு வாய்க்கவில்லை.

குறைபாடு கருவியின் பற்றாக்குறை மட்டுமன்று. மன்னார்க் கரையோரப் பாடசாலையொன்றின் மாணவர் வலை, தோணி, காற்று ஆகியன பற்றித் தம் வீட்டார் வழங்கும் சொற்களைத் திரட்டி எழுதுவதற்கு மூடிலின் சொற்களஞ்சியப் பகுதி ஒன்றே போதும். மென்பொருளுக்கு விலையில்லை, இணைப்பு விட்டுவிட்டுக் கிடைப்பினும் அவ்வேலை நடக்கும். அதற்குப் பாடவேளை ஒதுக்கவேண்டியது மட்டுமே எஞ்சியுள்ளது.