போனபார்ட்ஸ் ரிட்ரீட்: ஒரு ஃபிடில் மெட்டின் வட்டார வடிவங்கள்

‘போனபார்ட்டின் பின்வாங்கல்’ என்று பொருள்படும் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’, அமெரிக்கத் தென்மாநிலங்களில் வழங்கும் பழைய ஃபிடில் மெட்டு. இதை இயற்றியவர் யாரெனத் தெரியாது. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஏ. ஏ. கிரே 1924-இல் இதை இசைத்தட்டில் பதிவு செய்தார். கென்டக்கி, டென்னசி கலைஞர்களும் தத்தம் பாணியில் வாசித்துள்ளனர்.

சுருதி அமைப்பு

ஃபிடிலின் நான்கு தந்திகள் வழக்கமாக ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்க்கப்படும். இம்மெட்டுக்குப் பலர் முதல் தந்தியையும் கடைசித் தந்தியையும் தளர்த்தி டி, டி, ஏ, டி என அமைத்துக்கொள்கின்றனர். மெட்டை வாசிக்கும்போதே பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிப்பதால், பைக் குழலின் முழக்கம் போன்ற கனம் கிடைக்கிறது. பெரும்பாலான வடிவங்கள் மெதுவானவை. படை நடையை ஒத்தவை.

ஸ்டெப்பின் வாசிப்பு

1937-இல் ஆலன் லோமாக்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகக் கென்டக்கியில் வில்லியம் ஸ்டெப் என்பவரின் வாசிப்பைப் பதிவு செய்தனர். ஸ்டெப் அதை நடனத்துக்குரிய விரைவில் வாசித்தார். ரூத் கிராஃபோர்ட் சீகர் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார்; அது 1941-இல் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ என்ற நூலில் வெளிவந்தது. அதிலிருந்து எடுத்து, ஏரன் கோப்லண்ட் 1942-இல் ‘ரோடியோ’ பாலே நாடகத்தின் ‘ஹோ-டவுன்’ பகுதியை அமைத்தார். 1972-இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற ராக் குழு அதையே மீண்டும் இசைத்தது.

மதிப்பீடு

இவ்வாறு, வழக்கத்திலிருந்து விலகிய வடிவமே உலகறிந்த வடிவமாயிற்று. ‘ஹோ-டவுன்’ கேட்டுப் பழகியவருக்கு, மெதுவான பழைய வாசிப்பே பிறழ்ந்ததாகத் தோன்றலாம். பாடபேதம் என்று சொல்ல ஒரு மூலபாடம் வேண்டும். செவிவழி வந்த இம்மெட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. சீகரின் குறிப்பு ஒருவர் ஒருமுறை வாசித்ததன் கவனமான பதிவு. அதை மெட்டின் இறுதி வடிவமாகக் கொள்வது படிப்பவரின் பிழை.

கோப்லண்டின் ஆக்கம் சிறப்பானது. மரபு மெட்டை எடுத்தாள்வதும் குற்றமன்று. ஆனால் அவர் எடுத்தது பொதுவான மரபை மட்டுமன்று, ஸ்டெப்பின் கைப்பாங்கையும்தான். ‘நாட்டார் மெட்டு’ என்ற பெயர்ச்சீட்டு அந்த மனிதரை மறைத்துவிடுகிறது. கேட்போரில் பலர் கோப்லண்டை அறிவர், ஸ்டெப்பை அறியார்.

எனவே இம்மெட்டைப் பயில்வோர் எது அசல் என்று தேடுவதைவிட, யார், எங்கே, எந்தச் சுருதியில், என்ன வேகத்தில் வாசித்தார் என்று கேட்பது பயன்தரும். கிரேயின் பதிவையும் ஸ்டெப்பின் பதிவையும் கேட்டபின் ‘ஹோ-டவுன்’ கேட்டால், எது வழிவழி வந்தது, எது ஒருவர் கையில் புதிதாய் அமைந்தது என்பதைச் செவியே பிரித்தறியத் தொடங்கும்.