நாலு பென்னிப் படுக்கையும் பேய் நடையும்

கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில், இருட்டத் தொடங்கும் வேளையில் ‘பேய் நடை’ ஒன்றில் அண்மையில் சேர்ந்துகொண்டேன். 1888இல் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ‘ஜாக் த ரிப்பர்’ திரிந்த சந்துகளைக் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். ஆல்ட்கேட் ஈஸ்ட் ரயில் நிலையத்தருகே முப்பது பேர் போலக் கூடினோம். கறுப்புக் கோட்டு போட்ட வழிகாட்டியின் கையில் பிணவறைப் படங்கள். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. சந்து திரும்பும்போது முதுகு சில்லிட்டது. ‘யாருதான்யா அவன்?’ என்று நானும் கேட்டேன். அந்தக் கேள்வியை நம் வாயில் வைப்பதுதான் இக்கதையாடலின் வேலை என்பது பிறகுதான் உறைத்தது.

மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. இந்த ஐவருக்கும் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். காயம் எத்தனை, மணி என்ன, ‘விலைமாது’ என்ற ஒற்றைச் சொல், அவ்வளவுதான். நிக்கல்ஸுக்கு வயது 43. அச்சகத் தொழிலாளி ஒருவரைவிட்டுப் பிரிந்தவர். ஆகஸ்ட் 31 அதிகாலை, விடுதிப் படுக்கைக்கு நாலு பென்னி இல்லாததால் வெளியே அனுப்பப்பட்டார். அடுத்த வாரம் சாப்மனுக்கும் அதே கதி. நாலு பென்னியை வழிகாட்டியும் சொன்னார், ஆனால் சோகச் சுவைக்காக. ‘அவன் யார்?’ என்று கேட்டால் ஒருவன் மட்டுமே குற்றவாளி. ‘அந்த நேரத்தில் அவள் ஏன் தெருவில் இருந்தாள்?’ என்று கேட்டால் விடுதிக்காரன், ஏழையர் இல்லம், திருமணச் சட்டம் எல்லாமே கூண்டில் ஏறவேண்டியிருக்கும். ஐவரில் மூவர் பாலியல் தொழிலில் இருந்ததற்குச் சான்றில்லை என்று ‘த ஃபைவ்’ (2019) நூலில் ஹாலி ருபென்ஹோல்ட் வாதிடுகிறார். இருந்திருந்தால்தான் என்ன, அப்போது அந்தச் சாவு மலிவாகிவிடுமா என்று நாம் அதற்கு அப்பாலும் கேட்கவேண்டும்.

கோல்ஸ்டன் தெருவில் சுவரொன்றைக் காட்டினார்கள். செப்டம்பர் 30 அன்று அங்கே யூதர்களைக் குறிப்பிடும் சாக்பீஸ் எழுத்து கிடந்தது. கலவரம் வெடிக்கும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன், படம் எடுப்பதற்கு முன்பே அதை அழிக்கச் சொன்னார். வழிகாட்டிக்கு அது கொலைகாரன் விட்டுச்சென்ற விடுகதை. பிழைக்க வந்த யூதர்கள்மீது ஊர் பாயத் தயாராக இருந்தது என்ற சேதி அந்த விடுகதைக்குள் புதைந்துபோனது.

இது பழங்கதையல்ல. மறுநாள் காலை தனியாக அல்தாப் அலி பூங்காவுக்குப் போனேன். நாங்கள் கூடிய இடத்திலிருந்து சில நிமிட நடைதான். அல்தாப் அலி வங்காளத் தையல் தொழிலாளி. 1978 மே 4 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும்போது இனவெறிக்குப் பலியானவர். பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டியின் பின்னால் ஏறக்குறைய 7000 பேர் டவுனிங் தெருவரை நடந்தார்கள். 1998இல் பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. அந்த நடை வேறு, நான் போன நடை வேறு. கொலைத் தடங்களைக் காட்டக் கிளம்பிய எங்கள் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இங்கே மர்மம் இல்லை, பதில் ஊருக்கே தெரியும். பதில் தெரிந்த கொலையை வைத்து யாரும் டிக்கெட் போட முடியாது.

நம் பேய்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பழையனூர் நீலி, தன்னைக் கொன்றவனை மறுபிறப்பிலும் துரத்தி ஊர்ச்சபையையே வழக்குக்குள் இழுத்தவள். லண்டன் பேய்களுக்கு வாயில்லை, நீலி பேசுகிறாள். ஆனால் நாம் அவள் கதையை என்ன செய்தோம்? வாக்குத் தவறாமல் தீக்குளித்த வேளாளர் எழுபதுபேரின் பெருமையாக்கினோம். கொலையுண்டவள் அதில் ‘பழிகாரி’யாகத்தான் மிஞ்சினாள். கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கிப் படையல் போடுகிற நமது மரபையும் இந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும்.

நடை ஒரு மதுக்கடை வாசலில் முடிந்தது. பெயர் ‘டென் பெல்ஸ்’. 1976 முதல் 1988 வரை அந்தக் கடைக்கே ‘ஜாக் த ரிப்பர்’ என்றுதான் பெயர். பெண்ணியவாதிகள் எதிர்ப்பியக்கம் நடத்தியபின் பழைய பெயருக்குத் திரும்பியது. வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. பாவம், அவருக்கு அடுத்த கூட்டம் காத்திருந்தது.